ஒரு மணி முதல் மூன்றரை வரை

ஃபுக்லோய் தீவு,
12 பிப்ரவரி 1978

தம்பி ஹானுசுக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நான் டோர்ஷாவ்ன் நகரத்தைப் பார்த்ததே இல்லை.

சிரிக்காதே. எனக்கு ஐம்பத்தொரு வயது. கடையில் நாலு பேர் கூடித் தலைநகரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "ஆமாமா, அந்தக் கோட்டைப் பக்கம் காத்து கொஞ்சம் ஜாஸ்தி" என்று முப்பது வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் போனது ஒரே ஒரு தடவை, பதினாலு வயதில், கடைவாய்ப்பல் பிடுங்க. கன்னத்தைச் சுற்றிக் கம்பளித் துணியைக் கட்டிப் படகிலிருந்து இறக்கினார்கள், பிடுங்கினார்கள், மறுபடி ஏற்றினார்கள். நான் பார்த்த தலைநகரம் பல் டாக்டர் வீட்டு மேற்கூரைதான். அதில் ஒரு ஈரக்கறை இருந்தது. இதை நீ வெளியே சொன்னால், ஏழு வயதில் ஆட்டுக்கொட்டிலில் நீ செய்த காரியத்தை நான் வெளியே சொல்வேன்.

இங்கே நானும் தும்மாசும் பதினேழு ஆடுகளும் சௌக்கியம். தும்மாஸ் இந்த மாதம் நாலு வார்த்தை பேசினார், அதில் மூன்று ஆட்டிடம். என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்பே முணுமுணுக்கிறது. உன் உடம்பு எப்படி? கப்பல் சமையல்காரன் மெலிந்திருந்தால் அவன் ஆக்கிய சோற்றை யாரும் நம்பமாட்டார்கள், பார்த்துக்கொள்.

பதினொரு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. நான் ஒரு நாள் டோர்ஷாவ்னுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்து, ஊர் இப்போது எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். பன்னிரண்டு இடங்களுக்கு வரிசை எண் போட்டு அனுப்பியிருக்கிறாய். மீன் விற்கும் துறை, கோட்டை, புல்கூரை வேய்ந்த அரசாங்க அலுவலகம், மரத்தோப்பு, புத்தகக் கடை, இன்னும் என்னென்னவோ. தேவாலயக் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா என்று வேறு கேட்டிருக்கிறாய். டென்மார்க்கில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தா நீ உலை வைக்கப்போகிறாய்?

பன்னிரண்டாவதாக, "தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் பெய்ன்டா வீட்டுக் கதவு என்ன நிறம்" என்று ஒரு கேள்வி.

தம்பி, பதினாலு வருஷத்துக்கு முன்னால் உன் மனைவி எல்ஸ்பாவைப் புதைத்த மறுவாரமே, ஐந்து வயது மகளை அவள் சித்தி பெய்ன்டாவிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினாய். "ஆறு மாசத்துல வந்துடறேன்" என்றாய். அந்தப் பெண் இன்னும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறாள். இப்போது பத்தொன்பது வயது. அவளுக்கு ஒரு பெயர் உண்டு, ரன்வா. பன்னிரண்டு இடங்களை எழுதிய உன் கைக்கு இந்த மூன்று எழுத்து வரவில்லையா?

சரி, போகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுவேன். கேட்காததற்கு ஒரு வரி எழுதமாட்டேன்.

அலை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, அஞ்சல் படகுக்காரன் பாறைக்குக் கீழே நின்று கத்துகிறான். இதைச் சுருட்டி அவன் தலையில் எறியப் போகிறேன்.

உன் அக்கா,
மலான்

எஸ்பியர்க், டென்மார்க்,
3 மார்ச் 1978

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். மெலியவில்லை. முழங்காலுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தேய்க்கவும்.

ஊரைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் கப்பலின் தடத்தை மாற்றிவிட்டார்கள். ஜூனிலிருந்து ஐஸ்லாந்து போகும் வழியில் டோர்ஷாவ்னில் ஒரு பகல் நிற்கும். காலை எட்டுக்குக் கட்டினால் மாலை ஆறுக்கு அவிழ்ப்பார்கள். கரையில் நிற்கும் பகலில் மற்றவர்கள் வெளியே சாப்பிட்டுக்கொள்வார்கள், எனக்கு வேலை இருக்காது. இறங்குவதா, அடுக்களையிலேயே இருந்துவிடுவதா என்று யோசிக்கிறேன். அடுக்களையில் கழுவுவதற்குப் பாத்திரம் எப்போதும் இருக்கிறது.

தெரியாத ஊரில் வழி கேட்கலாம். தெரிந்த ஊரில் கேட்க முடியாது. அதனால்தான் இடங்களை எழுதினேன்.

கதவின் நிறம் தெரிந்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம்.

ஹானுஸ்

ஃபுக்லோய்,
9 ஏப்ரல் 1978

தம்பிக்கு,

போய் வந்துவிட்டேன்! இனிமேல் நான் கடையில் தலையாட்டினால் அது பொய்யில்லை.

ஆட்டுக்கொழுப்பு தேய்த்தேன். முழங்கால் தேவலை, ஆனால் நாய் என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறது. நீ சுகமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், உன் கடிதத்தில் அதைப் பற்றி இரண்டு சொல்லுக்கு மேல் இல்லை.

கிளாக்ஸ்விக்கில் இரவு தங்கி, மறுநாள் காலை ஒன்பதுக்கு டோர்ஷாவ்னில் இறங்கினேன். மாலை ஆறுக்குத் திரும்பப் படகு. ஆக, என் கையில் ஒன்பது மணி நேரம். வரிசையாகவே சொல்கிறேன்.

மீன் துறையில் ஒருவர் பெரிய பெரிய காட் மீன்களைப் பலகையில் பரப்பியிருந்தார்.

"எந்தத் தீவும்மா நீங்க?"

"ஃபுக்லோய்."

"அங்க இன்னும் ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்கோம். நீங்க விக்கிற மீனைவிட உயிரோடதான் இருக்கோம்."

பக்கத்துக் கடைக்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய மீன் ஒன்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த மீனால் எனக்கு ஒன்றும் ஆதாயமில்லை, ஆனாலும் மனசுக்கு நன்றாக இருந்தது.

அரசாங்க அலுவலகம், நீ சொன்ன மாதிரியே, முனையில் சிவப்புப் பலகை வீடுகளாகத்தான் இருக்கிறது. கூரையில் புல் நம் வீட்டுப் புல்லைவிடச் செழிப்பு. ஆடு விடலாம். ஜன்னல் தாழ்வாக இருந்ததால் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒருவர் மேஜையில் காகிதங்களுக்கு நடுவே காய்ந்த ஆட்டுக்கறியை வைத்துச் சீவிச் சீவி ரொட்டியோடு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை ஆட்டி, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

"இல்லீங்க, சும்மா அரசாங்கத்தைப் பாக்கலாம்னு வந்தேன்."

"பாத்துக்கோங்க. இன்னிக்கு நான் மட்டும்தான் இருக்கேன்."

ஒரு துண்டு கறி கொடுத்தார். இன்னும் கொஞ்சம் காய்ந்திருக்கலாம். அதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

தேவாலயக் கடிகாரத்துக்கும் என் கடிகாரத்துக்கும் நாலு நிமிஷம் வித்தியாசம். என் கையில் இருப்பது தும்மாசுடைய கடிகாரம், அதனால் தேவாலயத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோட்டையில் பீரங்கி மேல் உட்கார்ந்து பார்த்தேன். காற்று ஜாஸ்திதான்! முப்பது வருஷமாக நான் அளந்தது எல்லாம் சரி.

மரத்தோப்பைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நம் தீவில் இடுப்பளவு ருபார்ப் செடிக்கு மேல் எதுவும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே போனால் தலைக்கு மேலே கிளை, அதற்கு மேலே இன்னொரு கிளை. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக மூச்சு விடுகின்றன. பத்தடி போனதும் திரும்பிப் பார்த்தேன், கடலைக் காணவில்லை. கடல் தெரியாத இடத்தில் நான் நின்றதே கிடையாது, ஹானுஸ். எந்தப் பக்கம் விளிம்பு என்று தெரியாமல் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அந்த வழியாக ஒரு கிழவர் நாயோடு வந்தார். "தொலைஞ்சு போயிட்டீங்களா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன்.

ஒரு மணிக்குத் தோப்பை விட்டுக் கிளம்பினேன்.

மூன்றரை மணிக்குப் புத்தகக் கடையில் இருந்தேன். நாலு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போன எனக்கு அங்கே என்ன வேலை? அட்டைகளைப் பார்த்தேன். அழகாக இருந்தன. அங்கே கதகதப்பும் நன்றாக இருந்தது. பிறகு படகு ஏறிவிட்டேன்.

நடுவில் இரண்டரை மணி நேரம் வேறோர் இடத்தில் இருந்தேன். அது நீ கேட்ட பன்னிரண்டில் இல்லை. ஆகவே எழுதவில்லை.

பன்னிரண்டாவது கேள்விக்குப் பதில்: பச்சை. கீழே கொஞ்சம் பெயின்ட் உரிந்திருக்கிறது.

காய்ந்த கறி ஒரு துண்டு தனியாக அனுப்பியிருக்கிறேன், இது நம் வீட்டுக் கறி, நன்றாகக் காய்ந்தது.

மலான்

எஸ்பியர்க்,
24 ஏப்ரல் 1978

அக்காவுக்கு வணக்கம்.

நலம். கறி வந்தது. என் அறைக்குப் பக்கத்து அறைக்காரர் ஏதோ செத்துவிட்டது என்று வீட்டுக்காரியிடம் புகார் சொன்னார். நான் தின்று முடித்துவிட்டேன். மிக்க நன்றி.

ஊர் அதிகம் மாறவில்லை என்று தெரிகிறது. கதவு எல்ஸ்பா இருந்த காலத்திலும் பச்சைதான்.

அன்று ஒரு மணியிலிருந்து மூன்றரை வரை மழை பெய்து, நீ எங்காவது ஒதுங்கி நின்றாயோ என்று நினைக்கிறேன்.

ஹானுஸ்

ஃபுக்லோய்,
3 மே 1978

தம்பிக்கு,

ஆமாம், மழை.

நாங்கள் சௌக்கியம்.

மலான்

எஸ்பியர்க்,
11 மே 1978

அக்கா,

ரன்வா எப்படி இருக்கிறாள்?

இந்த வரியை எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. எழுதிவிட்டதால் மீதியையும் எழுதிவிடுகிறேன்.

பதினாலு வயதில் அவளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு நடந்தபோது பெய்ன்டா எனக்கு எழுதியிருந்தாள். பகை எல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு நாள் வந்து உட்காருங்கள் என்று. வருகிறேன் என்று பதில் போட்டேன். கோட்டு வாங்கினேன். அவளுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளி ஊசி வாங்கினேன். பிறகு, கதவைத் திறந்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். முதல் வார்த்தை கிடைக்கவே இல்லை. அந்த வாரம் பால்டிக் கடலுக்குப் போகும் ஒரு கப்பலில் சமையல்காரன் இடம் காலியாக இருந்தது. நானே போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன். திடீரென்று வேலை வந்துவிட்டது என்று அவர்களுக்கு எழுதி, ஊசியை அஞ்சலில் அனுப்பினேன்.

திடீரென்று எதுவும் வரவில்லை. உனக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

ஜூன் 13 காலை எங்கள் கப்பல் டோர்ஷாவ்னில் நிற்கும். நீ பார்த்ததை எழுது. கெட்ட செய்தியானாலும் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹானுஸ்

ஃபுக்லோய்,
22 மே 1978

என் தம்பி ஹானுசுக்கு,

கேட்டுவிட்டாய். இனி என் வாயை மூட முடியாது.

அந்த ஒரு மணிக்குச் சந்துக்குள் போய், கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தேன். அடுக்களையில் யாரும் இல்லை. உட்கார்ந்தேன். பெய்ன்டா நாலு மணி வரைக்கும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்குமிடத்தில் வேலை செய்கிறாள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் தலைமுடியெல்லாம் மாவோடு வந்தாள். காலையில் ரொட்டிக்கடையில் வேலையாம். முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காப்பி வைத்தாள், ருபார்ப் ஜாமை எடுத்து வைத்தாள், பிறகு எதிரில் உட்கார்ந்தாள். நல்ல வளர்ப்பு. பெய்ன்டாவை நான் இத்தனை வருஷம் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நான்தான் விளையாட்டாகக் கேட்டேன், நம்மூரில் சின்னவர்களைக் கேட்பது போலவே.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

பெய்ன்டா பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"ஹானுஸ் பொண்ணு. ஃபுக்லோய்க்காரர். கப்பல்ல சமைக்கிறார்."

தம்பி, ரொட்டிக்கடையில், தேவாலயத்தில், தெருவில் யார் கேட்டாலும் பதினாலு வருஷமாக அவள் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குக் காப்பி தொண்டையில் நின்றுவிட்டது. அவள் என் முதுகில் தட்டிக்கொண்டே, "நீங்க மலான் அத்தைதானே?" என்றாள்.

"எப்படிடீ கண்டுபிடிச்சே?"

"உங்க ஸ்வெட்டர்ல இருக்கற இந்தப் பின்னல்தான் எனக்கு வருஷா வருஷம் பார்சல்ல வருது. கை மட்டும் எப்பவும் நீளம்."

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு ஸ்வெட்டர் அனுப்பிக் கடமை முடிந்தது என்று இருந்தவள் நான். கை நீளம் எனக்கு எப்படித் தெரியும்? ஐந்து வயதில் பார்த்த குழந்தையை மனசால் அளந்து அளந்து பின்னியிருக்கிறேன். நான் டோர்ஷாவ்னைப் பார்க்கவில்லை என்று எழுதியபோது, பல்வலியைச் சொல்லித் தப்பித்தேன். நீ ஒரு கடலைத் தாண்டவில்லை. நான் இரண்டு படகு ஏறவில்லை. உன்னைக் கேலி செய்யும்போதெல்லாம் இது எனக்கும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்குத் திடப்படுத்தல் விருந்தில் உனக்கும் ஒரு தட்டு வைத்திருந்தார்களாம். சூப் முடிந்ததும் பெய்ன்டா அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டாளாம். "அப்பா மேல கோவமாடீ?" என்றேன். கொஞ்ச நேரம் ஜாம் கரண்டியைத் துடைத்தாள்.

"கோவப்படணும்னா ஆள் முன்னாடி இருக்கணும்ல, அத்தை?"

நீ அனுப்பிய ஊசியைக் குத்தியிருந்தாள். ரொட்டிக்கடைக்குக்கூடக் குத்திக்கொண்டு போகிறாள் போலிருக்கிறது, அதிலும் மாவு.

ஜூன் மாதம் நீ வருவதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். சொன்னால் மறுபடி தட்டு வைப்பாள். வந்தால் அவளுக்கு அது அதிர்ஷ்டம், வராவிட்டால் அவளுக்கு எதுவும் தெரியாமலே போகட்டும்.

மூக்கைச் சிந்திவிட்டு மீதி வேலையைப் பார்.

மலான் அக்கா

கப்பலில்,
14 ஜூன் 1978

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். கடல் சுமார்.

நேற்று டோர்ஷாவ்னில் இறங்கினேன். பதினொரு மணிக்குச் சந்துக்குள் போனேன். கதவு பச்சைதான். பிடியில் கை வைத்தேன். திறந்துகொண்டு உள்ளே போக என்னால் முடியவில்லை. பதினாலு வருஷம் எட்டிப் பார்க்காதவன் தன் வீடு மாதிரி நுழைவதற்கு எந்த உரிமையில் நுழைவது? அதனால் தட்டினேன். எஸ்பியர்க்கில் எல்லோரும் தட்டுவது போல, மரியாதையாக, மூன்று தடவை.

உள்ளே ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. மாடியில் ஜன்னல் திரை கொஞ்சம் அசைந்தது. கதவு திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி மூன்று தடவை தட்டினேன். இருபது நிமிடம் நின்றேன்.

பிறகு ஊரைச் சுற்றினேன். நீ எழுதிய வரிசையிலேயே போனேன். கோட்டையில் காற்று. அரசாங்கம் அன்று ஜன்னலைச் சாத்தியிருந்தது. தோப்பில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன், அங்கே உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. ஐந்து மணிக்குக் கப்பலுக்கு வந்துவிட்டேன்.

அவள் யோசித்து முடிவு செய்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இனி இந்த விஷயத்தை நீ எழுத வேண்டாம். ஜூலை 28-ஆம் தேதி மறுபடி கப்பல் அங்கே நிற்கும். நான் அடுக்களையில் இருப்பேன்.

அத்தானுக்கு வணக்கம்.

ஹானுஸ்

டோர்ஷாவ்ன்,
15 ஜூன் 1978

அன்புள்ள மலான் அத்தைக்கு,

நானும் சித்தியும் நலமாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அவசரமாக ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, லேசான காய்ச்சல். வீட்டில் தனியாக இருந்தேன். பதினொரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள்.

இங்கே யார் கதவைத் தட்டுவார்கள், அத்தை? தெரிந்தவர்கள் எல்லோரும் திறந்துகொண்டு வருவார்கள். தட்டுகிறவர் பாதிரியார்தான், கடலில் போனவர் இனி வரமாட்டார் என்று சொல்ல வருகிறவர். எதிர்வீட்டு மரீனா அக்காவுக்கு இரண்டு வருஷம் முன்னால் அப்படித்தான் தட்டினார்கள். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

என் கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்துவிட்டது. மாடிக்கு ஓடிப்போய்த் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே பார்க்கத் தைரியம் வரவில்லை. கறுப்பு அங்கியைப் பார்த்துவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. திறக்காமல் இருந்தால் அப்பா இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பார் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். மறுபடி தட்டினார்கள். அப்புறம் சத்தமில்லை.

சாயங்காலம் பாதிரியார் வீட்டுக்கே போய்க் கேட்டேன். தான் வரவில்லை என்கிறார். ஆனால் அவர் கண்ணைப் பார்த்து என்னால் எதையும் நம்ப முடியவில்லை.

அப்பாவின் கப்பல் பத்திரமாக இருக்கிறதா? உங்களுக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
ரன்வா

ஃபுக்லோய்,
28 ஜூன் 1978

அட மடையா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

இத்துடன் ரன்வாவின் கடிதத்தை வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி. படித்து முடித்த பிறகு இங்கே வா.

படித்தாயா?

எந்த ஊரில் பிறந்தவன் நீ? உன் அறிவை டென்மார்க்கில் யாரிடம் அடகு வைத்தாய்? நம் ஜனம் எப்போதடா கதவைத் தட்டியிருக்கிறது! கல்யாணமானாலும் கருமாதியானாலும் திறந்துகொண்டு வந்து பெஞ்சில் உட்காருவார்கள். நீ மரியாதை என்று தட்டினாய். அவள் காதில் அது சாவாக விழுந்தது. நீ வெளியே நின்று அவள் உன்னை வேண்டாம் என்றாள் என்று நினைத்தாய். அவள் உள்ளே நின்று, நீ செத்துவிடக் கூடாது என்பதற்காகத் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு ஒரு பலகை. அது பூட்டக்கூட இல்லை, ஹானுஸ்!

இதைத் தும்மாசிடம் படித்துக் காட்டினேன். "கழுதை" என்றார். இந்த மாதத்துக்கு அவ்வளவுதான்.

சொல்லமாட்டேன் என்று முன்னால் எழுதினேன். அந்தப் பேச்சை இப்போது மாற்றிக்கொண்டேன். கடிதம் கைக்கு வந்ததுமே அவளுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்: "தட்டியது பாதிரியார் இல்லை, உன் அப்பன். உயிரோடு இருக்கிறான், மூளைதான் இல்லை. ஜூலை 28 அன்று மறுபடி வருவான்."

ஆக, இந்தத் தடவை அவளுக்குத் தெரியும். தட்டு வைப்பாள். நீ அன்றைக்கு அடுக்களையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தால், அதை அவளுக்கு எழுதப்போவது நான் இல்லை, நீயே எழுதிக்கொள். எனக்கும் இனிமேல் எழுதாதே.

28-ஆம் தேதி ஓலாவ் திருவிழா தொடங்கும் நாள், ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும். கூட்டத்தில் புகுந்து தப்பித்துவிடலாம் என்று பார்க்காதே.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போ. என் முழங்கால் பரவாயில்லை, கேட்கமாட்டாய் என்று தெரியும்.

உன்னைத் தூக்கி வளர்த்தவள்,
மலான்

டோர்ஷாவ்ன்,
29 ஜூலை 1978

அக்காவுக்கு வணக்கம்.

நான் நலம். ரன்வா நலம். பெய்ன்டாவும் நலம், என்னோடு இன்னும் பேசவில்லை, தட்டில் மட்டும் நிறையப் போடுகிறாள்.

உன் கடிதத்துக்கு நாலு பதில் எழுதி நாலையும் அடுப்பில் போட்டேன். அதனால்தான் எதுவும் வரவில்லை.

நேற்று எட்டரை மணிக்கு இறங்கினேன். தெருவெல்லாம் வெள்ளிப் பொத்தான் வைத்த விழா உடுப்பு. சந்துக்கு வந்ததும் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன், பழக்கதோஷத்தில் தட்டிவிடக் கூடாது என்று. தோளால் கதவைத் தள்ளினேன். திறந்துகொண்டது.

ரன்வா முதுகைக் காட்டி நின்று ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஷூவைக் கழட்டிட்டு வாங்க. இப்பதான் தொடச்சேன்."

முதல் வார்த்தை நான்தான் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷூவைக் கழற்றினேன். அவள் திரும்பி என் காலைப் பார்த்தாள்.

"சாக்ஸ்ல ஓட்டை."

"ஆமா."

"அத்தை பின்னித் தரலியா?"

"எனக்கு எதுவும் பின்றதில்ல."

"எனக்கு வருஷா வருஷம் வருது" என்றாள். அதற்குப் பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் திட்டினாள். பதினாலு வருஷத்தையும் ஒவ்வொன்றாக, தேதியோடு வைத்திருந்தாள். நான் எழுந்து போகவில்லை, முன்னால் உட்கார்ந்திருந்தேன். நடுவில் இரண்டு தடவை காப்பி ஊற்றினாள். முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "வாங்க, ஊரைப் பாக்கலாம்" என்றாள்.

எனக்குத் தெரிந்த ஊர்தான் என்று நான் சொல்லவில்லை. அவள் காட்டக் காட்டப் பார்த்தேன். படகுப் போட்டி பார்த்தோம். வழியில் ஒரு கிழவி அவளை நிறுத்தி, கூட யாரு என்று கேட்டாள். "அப்பா" என்றாள். கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒல்லியா இருக்காரே" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சாயங்காலம் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். அம்மா எப்படிச் சிரிப்பாள் என்று கேட்டாள். சொன்னேன். கோபம் வந்தால் என்ன செய்வாள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கீழே துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் கிளம்பி மெதுவாக வெளியே போயிற்று.

"அழகா இருக்குல்லப்பா, அந்தக் கப்பல்?" என்றாள்.

ஆமாம் என்றேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. அது அலைதாங்கியைத் தாண்டித் திரும்பியபோது பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்தேன். எங்கள் கப்பல். மணி ஆறு பத்து.

அடுத்த கப்பல் எப்போது என்று விசாரித்திருக்கிறேன், விழா முடிந்துதான் சொல்வார்களாம். என் பெட்டி ஐஸ்லாந்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கப்பலில் பதினொரு பேர் இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பட்டாணி ஊறப்போட்டிருந்தேன்.

உன் தம்பி,
ஹானுஸ்